யானை ஆற்றைக் கடக்காது: சுவான்ஜோவில் ஐந்து நாள்

சிங்கப்பூர் திரும்பிப் பத்து நாளாகிறது. கால்வலி இப்போதுதான் விட்டது. அங்கே இருந்தபோது ஒவ்வொரு ராத்திரியும் கைப்பேசியில் கிறுக்கி வைத்ததை இங்கே நாள்வாரியாகப் போடுகிறேன்.

ஏன் சுவான்ஜோ என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். தென்கிழக்குச் சீனாவில் ஒரு பழைய துறைமுக ஊர் அது. பெய்ஜிங் போ, ஷாங்காய் போ என்றார்கள். எனக்குக் காரணம் எதிர்வீட்டு ஆ கோங். அந்தப் பக்கத்து மொழியான ஹொக்கியன் பேசும் சீனர், எண்பது வயதைத் தாண்டியவர். ஆ கோங் என்றால் தாத்தா. எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை முன் உட்கார வைத்து எனக்குச் சீனச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், நான்கு வருஷமாக வாரத்தில் மூன்று சாயங்காலமாவது விளையாடியிருப்போம். அவருடைய அப்பா சுவான்ஜோ பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், ஆனால் ஆ கோங் அந்த ஊரைப் பார்த்ததேயில்லை. நான் போகிறேன் என்றதும் ஒன்றே ஒன்று கேட்டார்: அங்கே காயைப் பலகையில் எவ்வளவு சத்தமாக அடித்து வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வா.

மார்ச் 22, சனி

ஷியாமென்னில் விமானம் இறங்கி அங்கிருந்து அரை மணி ரயில். சுவான்ஜோவில் கால் வைத்தபோது மழை இல்லை, ஆனால் எல்லாம் நனைந்திருந்தது. சுவர் வியர்க்கிறது, படிக்கட்டு வழுக்குகிறது, கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது. வசந்தத்தில் தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பி வரும்போது, குளிர்காலம் முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த சுவரிலும் தரையிலும் அந்த ஈரம் படிந்து வழியுமாம். 'ஹுய் நான் தியென்' என்று இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். துவைத்த சட்டை ஐந்து நாளும் காயவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்குத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், சிவப்புச் செங்கல் வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஒரு ராத்திரிக்கு 160 யுவான். நம் பணத்துக்குச் சுமார் 1,900 ரூபாய். மேற்குத் தெருவில் நடக்கிற பெண்களில் பாதிப் பேர் தலையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஷுன்பு என்ற மீனவ கிராமத்துப் பெண்களின் வழக்கம் அது, இப்போது சுற்றுலா வருகிறவர்களும் காசு கொடுத்து வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். எனக்கு மதுரையில் மல்லிகை வாங்கின சாயங்காலங்கள் ஞாபகம் வந்தன.

ராத்திரிச் சாப்பாட்டில்தான் முதல் சிக்கல். தெருமுனைக் கடையில் 'மியென் ஷியென் ஹூ' சாப்பிட்டேன். நூல் மாதிரி மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கரையக் கரைய வேகவைத்த கஞ்சி, அதன் மேல் நமக்கு வேண்டியதைப் போட்டுத் தருவார்கள். நான் சிப்பி, முட்டை, எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி மூன்றையும் காட்டினேன். 14 யுவான். சூடு தொண்டையில் இறங்கியதும் பயணக் களைப்பு பாதி போய்விட்டது. பணம் கட்டப் போனால் கைப்பேசியில் என் வங்கி அட்டை வேலை செய்யவில்லை, மூன்று முறை முயன்றும் செய்யவில்லை. கையிலிருந்த நூறு யுவான் தாளை நீட்டினேன், கடைக்கார அம்மாவிடம் சில்லறை இல்லை, இங்கே யாரும் தாளாகக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா கையை வீசி, நாளைக்கு வா, நாளைக்குக் கொடு என்றார். ஆ கோங் சொல்லிக் கொடுத்த ஹொக்கியனில் 'கம் சியா' என்று நன்றி சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இருந்த கணவரைக் கூப்பிட்டு, மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். அப்புறம் ஒரு கிண்ணம் கூடுதலாக வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக 14 யுவான் கடனை அடைத்தேன். அட்டையும் தானாகவே வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

கையுவான் கோயில் 686-ம் ஆண்டில் தொடங்கிய பௌத்தக் கோயில். இரண்டு கற்கோபுரங்கள் 13-ம் நூற்றாண்டில் கட்டியவை, ஈர வானத்தில் அவற்றின் உச்சி சரியாகத் தெரியவில்லை. நான் நேராகப் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனேன். அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு தூண்கள் நிற்கின்றன. வட்டத்துக்குள் சிறு சிறு சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்தின நரசிம்மர். உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே போகும் குழந்தைக் கண்ணன். சீனாவில் ஒரு புத்தர் கோயிலின் பின்வாசலில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே நின்றுகொண்டு இதைப் பார்க்கையில் உடம்பு சிலிர்த்தது. இங்கே தமிழ் வணிகர்கள் இருந்தார்கள், சிவன் கோயில் கட்டினார்கள், அந்தக் கோயில் போன பிறகு, மிங் அரசர்கள் காலத்தில் இந்த மண்டபத்தைப் பழுது பார்த்தபோது அவர்களுடைய கற்களை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் வந்தது அதற்காக மட்டுமில்லை. அதே வளாகத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. 1973-ல் ஹோவ்ஜூ துறைமுகச் சேற்றில் கண்டுபிடித்து 1974-ல் தோண்டி எடுத்த சோங் காலத்து மரக்கப்பல். மேல்பாதி போய்விட்டது, மிஞ்சிய அடிப்பாகமே 24 மீட்டர் நீளம். பதின்மூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவற்றில் தண்ணீர் ஏறாது. உள்ளே இருந்தது வாசனை மரக் கட்டைகள், மிளகு, இன்னும் என்னென்னவோ. கிடைத்த காசுகளில் கடைசியானது 1271-ம் ஆண்டுக்கு உரியது, ஆகவே அதற்குப் பிறகு மூழ்கியிருக்க வேண்டும். தெற்குக் கடல்களிலிருந்து சரக்கோடு திரும்பி வந்து வீட்டு வாசலில் மூழ்கிய கப்பல் இது.

அதற்குள் சதுரங்கக் காய்களும் இருந்தன. மரத்தில் செய்த வட்டக் காய்கள், இருபது.

முழு ஆட்டத்துக்கு முப்பத்திரண்டு காய்கள் வேண்டும். பன்னிரண்டு சேற்றோடு போய்விட்டன. மிஞ்சியவை கறுத்து, எழுத்து மங்கி, நம் ஊர் பழைய நாலணாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கணக்குப் போட்டேன். நான் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது, பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசை என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் குளிர்கால வடகாற்றில் பாய் விரித்துத் தெற்கே போவார்கள், கோடையில் தென்காற்று வரும்வரை காத்திருந்து திரும்புவார்கள். மாதக்கணக்கில் துறைமுகத்தில் சும்மா கிடக்க வேண்டும். மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு பேர் விளையாடியிருப்பார்கள், ஐந்தாறு பேர் சுற்றி நின்று சத்தம் போட்டிருப்பார்கள். எந்தத் துறைமுகத்தில் என்று யாரால் சொல்ல முடியும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பலகையில் நீளவாக்கில் ஒன்பது கோடு, குறுக்கே பத்து கோடு. காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் வைக்கிறார்கள், நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி. மொத்தம் தொண்ணூறு புள்ளி. நடுவில் ஓர் ஆறு. இரண்டு பக்கமும் தளபதிக்கு, அதாவது நம் செஸ் ராஜாவுக்கு, ஓர் அரண்மனை, ஒன்பது புள்ளி மட்டும், அதைவிட்டு அவர் வெளியே வரக் கூடாது, அவருடைய இரண்டு காவலர்களும் வரக் கூடாது. காய்கள் எல்லாம் ஒரே மாதிரி வட்டம், மேலே எழுதியிருக்கும் எழுத்தை வைத்துத்தான் அடையாளம். தேர் நம் செஸ்ஸில் 'யானை' என்று நாம் சொல்கிறோமே, அதே நேர்கோட்டு ஓட்டம். குதிரையும் ஏறக்குறைய நம் குதிரைதான், ஆனால் முதல் அடியில் பக்கத்துப் புள்ளியில் ஒரு காய் நின்றால் அந்தப் பக்கம் போக முடியாது, குதிரைக்குக் கால் கட்டிவிட்டது என்பார்கள். யானை மூலைவாட்டில் இரண்டு புள்ளி போகும், ஆற்றைக் கடக்காது. காலாள் ஐந்து பேர், ஆற்றைக் கடக்கும்வரை நேராக ஒவ்வொரு அடி, கடந்த பிறகு பக்கவாட்டிலும் போகலாம், பின்வாங்க மட்டும் வழியே இல்லை.

தேர், யானை, குதிரை, காலாள். நால்வகைப் படை. சதுரங்கம் என்ற சொல்லுக்கே நான்கு உறுப்பு என்றுதானே பொருள். செஸ் மேற்கே போனபோது தேர் கோட்டையாகிவிட்டது, யானை ஆங்கிலத்தில் பாதிரியாராகிவிட்டது. இங்கே நான்கும் அதே பெயரோடு நிற்கின்றன, விளையாட்டின் பெயரிலேயே யானைக்குரிய எழுத்து இருக்கிறது. பாரசீக, அரேபியச் சதுரங்கத்திலும் யானை மூலைவாட்டில் இரண்டு கட்டம்தான் பாயும். இந்தியாவிலிருந்து வந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்வதற்கு இவையெல்லாம் காரணம். சீனாவில் பலர் இதை ஏற்பதில்லை, தங்கள் பழைய பலகை ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது என்கிறார்கள். நான் கிளம்பும்போது இந்தியா பக்கம் உறுதியாக நின்றவன். அந்த இருபது காயைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வழக்கில் ஆர்வம் குறைந்துவிட்டது. யார் கொடுத்தது என்பதைவிட, கொடுத்த வழி இதோ கண்முன் அழுகின பலகையும் ஆணியுமாகக் கிடக்கிறது என்பதே என்னைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சிப்பி ஆம்லெட் 25 யுவான், கொஞ்சம் எண்ணெய் அதிகம்.

மார்ச் 24, திங்கள்

கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மழையில் பஸ் ஏறிப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. பார்த்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். செருப்பு நனைந்து, பசியோடு, கன்பூசியஸ் கோயில் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்தப் பயணத்தில் நடந்த நல்லதில் முக்கால்வாசி இந்தத் தவற்றால் வந்தது.

மரத்தடியில், கூரை ஓரத்தில், குடைக்கு அடியில், எங்கே நனையாத இடம் உண்டோ அங்கெல்லாம் கிழவர்கள். ஏழெட்டுப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. பலகை என்றால் மடித்த காகிதம் அல்லது பிளாஸ்டிக் தாள்தான், காய்கள் மட்டும் நல்ல கனமான மரம். ஆ கோங் கேட்ட கேள்விக்கு ஐம்பது அடி தூரத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. எதிரியின் காயை வெட்டும்போது தன் காயை அதன் தலையில் ஓங்கி வைக்கிறார்கள், பெட்டிக்கடையில் சோடா பாட்டில் உடைக்கிற மாதிரி கேட்கிறது. கைப்பேசியில் பதிவு செய்து ஆ கோங்குக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

பலகையின் நடுவில், ஆற்றுப் பக்கத்தில் ஒரு வாசகம் அச்சடித்திருந்தது. வேடிக்கை பார்க்கும்போது பேசாதவனே உண்மையான கனவான் என்று பொருள். அதைச் சுற்றி நின்ற ஏழு பேரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். தேரை ஏற்று, குதிரையைத் திருப்பு, அய்யோ போச்சு. ஒருவர் கையை நீட்டி ஆடுகிறவருடைய காயையே நகர்த்திவிட்டார், ஆடுகிறவர் அவர் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, அதே நகர்த்தலைச் செய்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோ விளையாட்டு இருக்கிறதே, கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வைப்பது, அதைப் பழைய காலத்தில் படித்தவர்களின் நான்கு கலைகளில் ஒன்றாக யாழ், எழுத்து, ஓவியத்தோடு சேர்த்து வைத்தார்கள். இதை அப்படி யாரும் உயரத்தில் வைக்கவில்லை, இது தெருவின் ஆட்டமாகவே இருந்துவிட்டது. அதனால்தான் நனைந்த செருப்போடு நின்ற என்னையும் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் எழுபதுகளில் இருப்பார், நீலச் சட்டை, தோளில் துண்டு. முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஃபிளாஸ்கிலிருந்து கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார், பக்கத்து மலைநாடான அன்ஷியில் விளையும் டியே குவான் யின், பூ வாசனை. "கூ, பே, பாவ்?" என்றார். தேர், குதிரை, பீரங்கி என்று ஹொக்கியனில். தெரியும் என்றேன். தெருவில் போகும் வண்டிக்கும் பலகைத் தேருக்கும் எழுத்து ஒன்றுதான், ஆனால் பலகைக்கு வந்தால் உச்சரிப்பு வேறு, ஆ கோங் அதை என்னிடம் நூறு முறை திருத்தியிருக்கிறார், அது இங்கே கைகொடுத்தது.

அவர் தன் பக்கத்துத் தேர் ஒன்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ஒரு தேர் இல்லாமலே ஆடுகிறாராம். ஆட்டத்தில் மிகப் பலமான காய் அது. முதல் நகர்த்தலிலேயே பீரங்கியை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தார், நான் குதிரையை எடுத்து நடுக்காலாளைக் காத்தேன். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவதும் இதுதான், பீரங்கி நடுவில் வந்தால் குதிரை குதிக்கட்டும்.

பீரங்கியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உலகத்தில் வேறு பழைய செஸ் எதிலும், இதையொட்டி வளர்ந்த கொரிய ஆட்டத்தைத் தவிர, இந்தக் காய் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நகர்வது தேர் மாதிரிதான். வெட்டும்போது மட்டும் நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும், நம்முடையதோ எதிரியுடையதோ, அதைத் தாண்டிப் போய்த்தான் விழும். வெடிமருந்து கண்ட நாட்டின் காய். கறுப்புப் பக்கத்தில் இதே காயைக் கல்லுக்குரிய குறி போட்டும் சிவப்புப் பக்கத்தில் நெருப்புக்குரிய குறி போட்டும் எழுதுகிறார்கள். கல்லெறியும் பொறியிலிருந்து நெருப்பு பீரங்கிவரை வந்த கதை இரண்டு எழுத்தில் இருக்கிறது. நம் செஸ் பழகியவனுக்கு இதுதான் கஷ்டம். என் காயை நானே முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எதிரியின் பீரங்கிக்கு ஏணி வைத்துக் கொடுத்துவிடுவேன்.

அப்படியே கொடுத்தேன். இருபது நகர்த்தலுக்குள் அவருடைய குதிரை என் தளபதிக்கு நேராக ஒரு புள்ளி விட்டு வந்து நின்றது. அங்கே நின்றால் தளபதி இரண்டு பக்கமும் ஒதுங்க முடியாது. அப்புறம் அந்தக் குதிரைக்குப் பின்னால் பீரங்கி வந்தது. "சியோங் குன்!" என்றார், செக் என்று அர்த்தம். டப். முடிந்தது. சுற்றி நின்ற ஏழு பேரும் ஒரே குரலில் "மா ஹோவ் பாவ்" என்றார்கள். குதிரைக்குப் பின் பீரங்கி. பேச்சு வழக்கில் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு, எல்லாம் முடிந்த பிறகு யோசனை சொல்கிறவரை அப்படிச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் நான் எங்கே தப்பு செய்தேன் என்று ஏழு பேரும் எனக்கு விளக்கினார்கள்.

மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. நாளைக்கும் வா என்றார்.

ராத்திரி விடுதிக் கூடத்தில் நான் வாங்கின காகிதப் பலகையை விரித்ததும் ஒரு கொரியப் பெண் வந்து உட்கார்ந்தார். தன் தாத்தாவோடு கொரியச் சதுரங்கமான ஜாங்கி ஆடியவராம். பலகையைப் பார்த்துவிட்டு, இது என்ன நடுவில் தண்ணீர் என்றார். அவர்கள் ஆட்டத்தில் ஆறு கிடையாது. அதே ஒன்பது கோடு, அதே பத்து கோடு, ஆனால் யானை எங்கும் போகும், நேராக ஓரடி வைத்துவிட்டு மூலைவாட்டில் இரண்டு. பீரங்கி சும்மா நகரக்கூட ஒரு காயைத் தாண்டியாக வேண்டும். காய்கள் எண்கோணம். அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சீனப் பலகையில் ஆற்றின் மேல் சூ, ஹான் என்று இரண்டு நாட்டின் பெயர் எழுதியிருக்கும். ஷியாங் யூ, லியூ பாங் என்ற இருவர் சண்டையிட்டு, கி.மு. 203-ல் ஹுங்கோவ் கால்வாயை எல்லையாக வைத்து நாட்டைப் பிரித்துக்கொண்டு, மறு வருஷமே ஷியாங் யூ அழிந்த கதை. கொரியர்கள் ஆற்றை எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த இரண்டு பெயரையும் தளபதிகளின் மேல் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆறு வற்றிப்போய்ப் பகை மட்டும் நிற்கிறது.

ஜப்பானில் ஷோகி, எண்பத்தொரு கட்டம், வெட்டிய காயைத் தன் படையில் சேர்த்துக்கொண்டு மறுபடி இறக்கலாம். தாய்லாந்தில் மாக்ருக், வியட்நாமில் இதே சீன ஆட்டம் வேறு பெயரில். ஒரே பெரிய குடும்பம். ஒவ்வொரு ஊரும் தனக்குப் பிடிக்காததை மாற்றியிருக்கிறது. யானையைச் சீனர்கள் ஆற்றங்கரையிலேயே நிறுத்தினார்கள், கொரியர்கள் அவிழ்த்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிவரை பேசினோம்.

மார்ச் 25, செவ்வாய்

லுவோயாங் பாலம். 1053-லிருந்து 1059 வரை கட்டியது, கடல் வாய்க்கு மேலே கருங்கல். தூண்களின் அடியில் சிப்பிகளை வளர்த்து, அவை ஒட்டிக்கொண்டு கல்லையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கும்படி செய்திருக்கிறார்கள். தாழ்ந்த தண்ணீரில் தூண்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. நல்ல காற்று, குடை இரண்டு முறை மடங்கிவிட்டது. பாலத்தின் முனையில் ஒரு பாட்டி ஒன்று இரண்டரை யுவானுக்கு 'தோ சுன் டங்' விற்றார், கடற்புழுவை வேகவைத்துக் குளிரவைத்த கூழ்க்கட்டி. ஒன்று சாப்பிட்டேன். பூண்டும் கடுகும் போட்ட சாறு நன்றாக இருந்தது, இன்னொன்று கேட்க மனம் வரவில்லை.

திரும்பும் வழியில், பஸ் நிலையம் பக்கம், தரையில் துணி விரித்து ஒருவர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை அடுக்கி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஏழேழு காய். எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள், வென்றால் நூறு உனக்கு, தோற்றால் ஐம்பது எனக்கு, சமமாக முடிந்தாலும் ஐம்பது எனக்கு என்றார். பார்த்தால் சிவப்பு மூன்று நகர்த்தலில் வெல்வது பட்டப்பகலாகத் தெரிகிறது. சுற்றி நின்ற இரண்டு பேர் ஆடு ஆடு என்றார்கள். ஆடினேன். கடைசி நகர்த்தலுக்கு முன்னால் அவர் ஒரு காலாளைக் கொடுத்துவிட்டு எனக்கே செக் வைத்தார். ஐம்பது போயிற்று. கோபத்தில் பக்கம் மாறி இன்னொரு முறை. இன்னொரு ஐம்பது.

நேராகச் சதுக்கத்துக்குப் போய் நீலச் சட்டைக்காரரிடம் காய்களை அடுக்கிக் காட்டினேன். பாதி வைக்கும்போதே சிரிக்காமல் தலையசைத்தார். ஏழு நட்சத்திரம் ஒன்றுகூடல் என்று இதற்குப் பெயர், சிங் காலத்து ஆட்டச் சுவடிகளிலேயே இருக்கிறதாம். இரண்டு பக்கமும் தவறில்லாமல் ஆடினால் சமமாகத்தான் முடியும், ஆனால் அந்தச் சரியான வழி நீளமானது, ஒரு அடி தப்பினாலும் தோல்வி. துணி விரிக்கிறவர்கள் அந்த வழியை முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். வாலிபத்தில் தானும் இதே அமைப்பில் இரண்டு யுவான் இழந்ததாகச் சொன்னார், அப்போது அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. பிறகு சரியான வழியை அடி அடியாக எனக்குப் போட்டுக் காட்டினார், ஒன்றரை மணி நேரம், நடுவில் மூன்று பேர் ஆட வந்தும் திருப்பி அனுப்பிவிட்டார். ஏமாந்தவனிடம் இப்படி நடந்துகொள்ளும் மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தன் தேரைத் திரும்ப வைத்துக்கொண்டார், அதாவது தேரை எடுக்காமல் தன் குதிரை ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஆடினார். இரண்டு தோல்வி, ஒன்று சமம். அந்த ஒன்றில் என் இரண்டு யானைகளும் கடைசிவரை உயிரோடு இருந்தன, ஒன்றுக்கொன்று துணையாக, ஆற்றுக்கு இந்தப் பக்கமே. யானை எங்கும் போகாது என்று முதலில் எனக்கு அதன் மேல் மதிப்பில்லை. அது போகாமல் இருப்பதால்தான் வீடு நிற்கிறது என்பது அன்றைக்குப் புரிந்தது.

மார்ச் 26, புதன்

முதல்முறையாக வெயில். அருங்காட்சியகம் திறந்திருந்தது. கோயில் கற்கள் ஒரு கூடம் நிறைய இருக்கின்றன. லிங்கத்தை வழிபடும் யானை ஒன்று, திருவானைக்காவில் நாம் கேட்ட கதைதான், சீனக் கருங்கல்லில். இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தேன், சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது 1281, சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அந்தக் கப்பல் மூழ்கின காலமும் ஏறத்தாழ அதுவே. அவர் வீட்டு மிளகு எந்தக் கப்பலில் வந்ததோ. அவர் இந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே அந்த யானையின் முன் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு ரயில். ஆ கோங்குக்கு மரக்காய்ப் பெட்டி ஒன்று வாங்கினேன், 88 யுவான், பேரம் பேசவில்லை. விடைபெறலாம் என்று சதுக்கத்துக்குப் போனபோது பதினொன்றரை. மூன்று மணிக்கு ரயில் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதைப் படித்தார், சதுக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்தார், முக்காலியைக் காலால் தள்ளினார்.

காய்களை அடுக்கினார். தேர், குதிரை, யானை, காவலர், தளபதி. எடுத்து வைப்பதற்காக நான் அவருடைய குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டும் பலகையில் இருந்தன. தேநீர் ஊற்றிவிட்டு, ஆடு என்று கையைக் காட்டினார்.

நான் பீரங்கியை நடுக்கோட்டுக்கு நகர்த்தினேன், ஆ கோங்குக்குக் கேட்கிற மாதிரி ஓங்கி வைத்தேன். சுற்றி நின்றவர்கள் அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.